வைஃபை பிரிண்ட் தாமதமா? ரூட்டரை மாற்றும் முன் போர்ட்டைப் பாருங்கள்

பிரிண்ட் கொடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தால், ஆபீஸில் முதலில் திட்டு வாங்குவது இன்டர்நெட் கனெக்‌ஷன்தான். ஆனால் லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்குப் போகிற டேட்டா உங்கள் ரூட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினாலும் ஒரு தாள்கூட முன்கூட்டி வராது. காசைச் செலவழிக்கும் முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். லேன் சாக்கெட்டே (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) இல்லாத மெல்லிய லேப்டாப்கள், நடுவில் ஒரு லேசர் பிரிண்டர், விண்டோஸ் 11 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், தாமதம் எந்த இடத்தில்?

காலையில் முதல் தாள் மட்டும் லேட், அடுத்தடுத்தவை சரி என்றால் பிரிண்டர் தூக்கத்திலிருந்து எழுகிறது, அவ்வளவுதான். பிரிண்டர் மெனுவில் ஸ்லீப் நேரத்தைக் கூட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் தொடங்கவே நேரமாகிறது என்றால் சந்தேகம் போர்ட் மேல், அதாவது பிரிண்டரை அடைய விண்டோஸ் வைத்திருக்கிற வழியின் மேல். தொடங்கிவிட்டு நடுவில் நின்று நின்று வருகிறது என்றால் சிக்னல் அல்லது டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்).

சிக்னலைச் சோதிக்க, கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையைப் பிரிண்டரின் ஐபி எண்ணோடு (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்து, கடைசியில் -t சேர்த்து ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். 10 மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் காற்றில் பிரச்சினை இல்லை. நூறு, முந்நூறு என்று தாவினாலோ, நடுநடுவே ‘டைம்டு அவுட்’ வந்தாலோ சிக்னல்தான்.

பிரிண்டருக்கு வயர் கொடுங்கள்

வயர்லெஸ் பற்றிய பதிவில் வயரா என்று கேட்கலாம். லேப்டாப்கள் வைஃபையிலேயே இருக்கட்டும். பிரிண்டரின் பின்னால் லேன் சாக்கெட் இருந்தால் அதை ரூட்டரோடு கேபிளில் இணைத்துவிடுங்கள். லேப்டாப்பும் பிரிண்டரும் ஒரே பேண்டில் (அலைவரிசையில்) வைஃபையில் இருந்தால், ஒரே டேட்டா லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரிலிருந்து பிரிண்டருக்கு ஒரு தடவை என இரண்டு முறை காற்றில் போக வேண்டும். கேபிள் போட்டால் பாதி வேலை மிச்சம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு முனையிலும் கனெக்டர் அடித்த கேட்-6 கேபிள் வேண்டிய நீளத்தில் கிடைக்கும். வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிட இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

பிரிண்டருக்கு நிரந்தர ஐபி

கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவது சென்னை ஆபீஸ்களில் சர்வசாதாரணம். ரூட்டர் மறுபடி எழும்போது பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கும், லேப்டாப் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். லேசர் பிரிண்டரை அதில் போடாதீர்கள். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிற ஃபியூசர் சூடாகும்போது இழுக்கிற கரண்டை அந்த யுபிஎஸ் தாங்காது.

பிரிண்டர் மெனுவிலிருந்து நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்க மேக் அட்ரஸைக் (சாதனத்தின் நெட்வொர்க் அடையாளம்) குறித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். லேனுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு மேக் அட்ரஸ் அந்தத் தாளில் இருக்கும். கேபிள் போட்டிருந்தால் லேனுக்கு உரியதையே எடுக்க வேண்டும். தவறானதை எடுத்தால் ரூட்டர் எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் சேமித்துக்கொள்ளும், பிரிண்டருக்கு மட்டும் அந்த எண் போய்ச் சேராது.

ரூட்டர் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதிக்குப் போய் அந்த மேக்குக்கு ஒரு எண்ணை, உதாரணமாக 192.168.1.50, ஒதுக்குங்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டு, புது எண் வந்துவிட்டதா என்று மறுபடி ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

போர்ட்டை மாற்றுவது

விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரிண்டர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். அது நிலையான ஐபியைப் பிடித்துக்கொள்ளாமல், நெட்வொர்க்கில் குரல் கொடுத்துப் பிரிண்டரைத் தேடுகிற முறை. வைஃபையில் அந்தக் குரல் தொலைந்தால் பதில் வரும்வரை உங்கள் வேலை வரிசையில் நிற்கும்.

‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ போய், உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘போர்ட்ஸ்’. அட்மின் அனுமதி வேண்டும். ‘ஆட் போர்ட்’ அழுத்தி ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ தேர்ந்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். ‘எந்த வகைச் சாதனம்’ என்று கேட்டால் ‘ஜெனரிக் நெட்வொர்க் கார்ட்’ போதும்.

போர்ட் உருவானதும் விட்டுவிடாதீர்கள். ‘கான்ஃபிகர் போர்ட்’ திறந்து இரண்டைப் பாருங்கள். புரோட்டோகால் (டேட்டா அனுப்பும் முறை) ‘ரா’, எண் 9100 என்று இருக்க வேண்டும். ‘எல்பிஆர்’ என்று இருந்து, பைட் கவுண்டிங்கும் டிக் ஆகியிருந்தால், முழு ஃபைலையும் எண்ணி முடித்த பிறகே அனுப்பத் தொடங்கும். அடுத்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டர் இந்த நிலவரக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், நன்றாக இருக்கிற பிரிண்டரையே விண்டோஸ் ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும். டிக்கை எடுத்தால் டோனர் அளவு சில மாடல்களில் திரையில் தெரியாது. அது பெரிய இழப்பில்லை.

டெஸ்ட் பேஜ் வந்ததும், பட்டியலில் அதே பிரிண்டரின் இரண்டாவது நகல் இருந்தால் நீக்குங்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணையுங்கள்.

பேட்டரியும் டிரைவரும்

சார்ஜர் போட்டு ஒரு பிரிண்ட், கழற்றி ஒரு பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வைஃபை கார்டின் மின்சேமிப்புதான் காரணம். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ டிக்கை எடுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது; அங்கே பேட்டரி சேவரை அணைப்பதுதான் வழி.

ஏ4 தாளில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) என்றால் சுமார் மூன்றரைக் கோடி புள்ளிகள். பிடிஎஃப் பிரிண்ட் பெட்டியில் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் இருந்தால் எழுத்துகளும் இப்படிப் புள்ளிகளாகத்தான் போகும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே என்று யாராவது அதை டிக் செய்து வைத்திருப்பார்கள். ஃபான்ட் உட்பொதிக்கப்பட்ட பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள், டிக்கை எடுத்துவிடுங்கள். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி நெருக்கடியில் ஐம்பது பக்கம் அடிக்கும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிரைவரில் பிசிஎல் 6 (பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் மொழி) கிடைத்தால் ஆபீஸ் வேலைக்கு அதுவே என் தேர்வு.

கேபிள் போட முடியாதவர்களுக்கு

பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே பிடிக்கும். தி. நகர் போன்ற இடங்களில் பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் அதில்தான் மோதும். வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து, 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த சானலை வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் மோதல் கூடும். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் பிரிண்டர் கண்ணிலேயே படாது, அதையும் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்களில் இன்டெல்லுக்கான பிரிண்டர் டிரைவர் ஏறாது. ஆர்ம்64 டிரைவர் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) கிளாஸ் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அதற்கு 9100 போர்ட் பொருந்தாது, ஐபிபி வழியாகவே சேர்க்க வேண்டும். குரோம்புக்கிலும் மேக்புக்கிலும் பிரிண்டர் தானாகத் தெரியாவிட்டால், ஒதுக்கிய ஐபி எண்ணைக் கையால் கொடுத்து, புரோட்டோகாலில் ஐபிபி தேர்ந்து சேர்த்துவிடுங்கள்.