மாசாய் மாராவில் ஒரு நாள்: ஒரே வண்டியில் ஆறு பேர்

கென்யாவின் நாரோக் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் மாசாய் மாரா காப்பகத்துக்குக் குழுவாகச் செல்பவர்கள், எந்தெந்த விலங்குகளைப் பார்ப்பது என்று பட்டியல் போடும் முன்பு, நாள் முழுவதும் ஒரே வண்டிக்குள் எப்படி ஒத்துப்போவது என்பதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நுழைவுச்சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டுமே செல்லும்; ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவரான பெரியவர் ஒருவருக்கு அதன் கட்டணம் 200 அமெரிக்க டாலர். ஒருவர் தாமதமாக எழுந்தால் மற்ற ஐவரின் காலைப் பொழுதும் சேர்ந்தே கரைகிறது.

முதல் நாள் இரவே ஓட்டுநரை அழைத்து, பறவைகளில் ஆர்வம் உள்ளவர் யார், நீளமான லென்ஸ் கொண்டுவந்திருப்பவர் யார், முதுகுவலி உள்ளவர் யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். பின்வரிசையில் குலுக்கல் அதிகம் என்பதால் முதுகுவலிக்காரரை அங்கே உட்கார வைக்கக் கூடாது. மற்றவர்கள் காலையிலும் உணவுக்குப் பிறகும் இடம் மாறிக்கொள்ளலாம். கூரையைத் தூக்கிவிட்டு எழுந்து நிற்கும் வண்டியில் ஒருவர் காலை மாற்றி வைத்தாலே வண்டி அசையும், படம் எடுப்பவரின் சட்டகத்தில் இருக்கும் சிங்கம் கலங்கிப்போகும். ஆகவே விலங்கின் அருகில் நின்றதும் இன்ஜினை அணைக்கச் சொல்லி, படம் எடுப்பவர் கையைத் தூக்கிக் காட்டும் வரை அனைவரும் அசையாமல் நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் நல்ல குளிர் இருக்கும்; கழற்றுவதற்கு வசதியாக ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொள்ள வேண்டும். அடர்நீலமும் கறுப்பும் கடிக்கும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நலம். 2020 ஜூன் முதல் கென்யாவின் தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

வேட்டையாடும் விலங்குகளைத் தேடுவதற்கு, ஓட்டுநர் மற்ற ஓட்டுநர்களுடன் பேசும் வானொலிக் கருவியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையை வெறித்துக்கொண்டு நின்றால் அந்தப் புல்லுக்குள் ஏதோ படுத்திருக்கிறது என்று கொள்ளலாம். மரங்களில் கிளைக்கு நேர்கீழாகத் தொங்கும் எதையும் தொலைநோக்கியால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது சிறுத்தையின் வாலாக இருக்கக்கூடும். சிங்கம் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். அது எழும் என்று நண்பகலில் காத்திருப்பதைவிட, பகலில் வேட்டையாடும் சிவிங்கிப்புலியைத் தேடிச் செல்வதே மேல் என்பது என் கருத்து.

ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், மற்றவர்கள் காத்திருந்தால் 10 நிமிடத்தில் நகர வேண்டும் என்பவை காப்பகத்தின் விதிகள். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே என்று ஓட்டுநரை நச்சரிப்பது அவருடைய பிழைப்பில் கைவைப்பதற்குச் சமம். கூடுதல் பணம் தருவதாகச் சொல்வது அதைவிட மோசம்.

ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் செல்லும் குழுக்களில் மனக்கசப்பு பெரும்பாலும் ஆற்றங்கரையில்தான் தொடங்கும். மேய்ச்சல் தேடி இடம்பெயரும் வில்டபீஸ்ட் (ஒருவகைப் பெரிய மான்) மந்தை, மாரா ஆற்றைக் கடக்க அதன் விளிம்பு வரை வந்து, புழுதியைக் கிளப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றுவிட்டு, எந்தக் காரணமும் தெரியாமல் திரும்பிப் போய்விடும். மறுபடி வருவதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் கரைக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், அங்கே போன பிறகு வாக்கெடுப்பு நடத்தினால் யாராவது ஒருவர் மாலைவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். முதல் சில விலங்குகள் நீரில் இறங்கும் வரை வண்டி கரையிலிருந்து தள்ளியே நிற்கட்டும், முண்டியடித்து முன்னால் போய் வழியை மறித்தால் மந்தை பின்வாங்கிவிடும்.

மதிய உணவுக்கு மரத்தடியில் நிறுத்தும்போது, ஓட்டுநர் இறங்கி மரத்தின் மேலும் புதர்களிலும் பார்த்துவிட்டுச் சைகை காட்டிய பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும். இயற்கை உபாதைக்கும் இதே முறைதான். தூரமாகப் போகாமல் வண்டியின் பின்புறமே போதும், கூச்சப்பட இது இடமல்ல.

மாலை 6 மணிக்குள் வாயிலைக் கடக்க வேண்டியிருப்பதால் திரும்பும் நேரத்தை ஓட்டுநரே தீர்மானிக்கட்டும். அவருக்குத் தரும் அன்பளிப்பை ஆளாளுக்குத் தனித்தனியாக நீட்டாமல், முன்கூட்டியே பேசி ஒரே உறையில் போட்டு, வண்டியை விட்டு இறங்கும்போது ஒருவர் கையால் கொடுத்துவிடுங்கள்.