கிராமக் கொல்லரின் கணக்குச் சிட்டையைப் படிப்பது எப்படி?

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமக் கொல்லர்கள் எழுதிய கணக்குப் புத்தகங்கள் அங்குள்ள ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அதில் ஒரு பக்கம் கையில் கிடைத்தால் கூட்டல் போட அவசரப்படாதீர்கள். முதலில் வேலையைப் படியுங்கள்.

படி 1: தேதி வரிசையில் பல பெயர்கள் கலந்து வந்தால் அது சிட்டை. ஒரே வாடிக்கையாளர் பெயரில் பக்கம் ஓடினால் பேரேடு. சிட்டை கிடைத்தால் யோகம்தான். வேலை விவரம் அதில்தான் கூடுதலாக இருக்கும்.

படி 2: வலது ஓரத்து மூன்று பத்திகள் பவுண்டு, ஷில்லிங், பென்னி. அன்று 12 பென்னி 1 ஷில்லிங், 20 ஷில்லிங் 1 பவுண்டு. பென்னிக்கு ‘டி’ (d) என்று போட்டிருப்பார்கள். ரோமானிய நாணயமான தினாரியஸின் (denarius) முதலெழுத்து அது. பழக ஒரு கணக்கு: 2 ஷில்லிங் 4 பென்னி, 1 ஷில்லிங் 9 பென்னி, 10 பென்னி. பென்னிகள் மொத்தம் 23, அதாவது 1 ஷில்லிங் 11 பென்னி. ஆக 4 ஷில்லிங் 11 பென்னி. அரை, கால் பென்னியும் வரும், கவனிக்காமல் விடாதீர்கள்.

படி 3: இனி வேலைகள். அதிகம் வருவது குதிரை லாடம். அதில் இரண்டு கூலி உண்டு. புது லாடத்துக்கு ஒன்று; பழைய லாடத்தையே கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிப்பதற்கு அதைவிடக் குறைவு. ஒரே குதிரைக்கு இரண்டு விலை இருந்தால் குழம்ப வேண்டாம். உறைபனிக் காலத்தில் வழுக்காமலிருக்கத் தனி ஆணிகள் அடிப்பார்கள், அதற்கும் கணக்கு ஏறும். அப்புறம் உழவு வேலை: தேய்ந்த கொழு முனையில் புது இரும்பைக் காய்ச்சிப் பற்றவைப்பது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவது பெரிய வேலை. பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, பழுக்கக் காய்ச்சி மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இதற்குத் தச்சரும் கூட இருப்பார் என்பதால் அவர் பெயரும் புத்தகத்தில் தென்படலாம்.

படி 4: கடைசியில் வரவு. விவசாயிகள் பெரும்பாலும் கைக்குக் கை கொடுப்பதில்லை; மாதக்கணக்கில் கடன் நிற்கும். வைக்கோல், உருளைக்கிழங்கு, நிலக்கரி ஏற்றி வந்த வண்டிக்கூலி என்று பொருளாகவும் உழைப்பாகவும் கழித்திருப்பார்கள். தீர்ந்த கணக்கின் மேல் குறுக்குக்கோடு இழுத்திருக்கும். கோடு இல்லையென்றால் உடனே பாக்கி என்று எழுதிவிடாமல், அதே பெயர் வரவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.