பவளம் வாங்கப் போகிறீர்களா, பால் சோதனையை நம்பாதீர்கள்

ஜோசியர் சொன்னார் என்று வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் அங்காரகனை, அதாவது செவ்வாயைக் கும்பிட்டுவிட்டு, திரும்பும் வழியிலேயே அவசரமாகப் பவள மோதிரம் வாங்கியவன் நான். மூன்றே மாதத்தில் அது வெளுத்துப்போனது. நீங்களாவது பார்த்து வாங்குங்கள்.

பவளம் கல்லே இல்லை. கடலுக்கடியில் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டும் சுண்ணாம்புக் கூடு. டெல்டாக்காரர்களுக்கு இது ஜோசியம் வழியாக வந்த பொருளும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த சரக்குகளை அடுக்கும்போது பட்டினப்பாலை தென்கடல் முத்தோடு குணகடல் துகிரையும் சேர்த்துச் சொல்கிறது, துகிர் என்றால் பவளம்தான். தில்லைக் கூத்தனைப் பாடிய அப்பர் ‘பவளம் போல் மேனி’ என்றார், நம்ம திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குப் ‘பவளவாய்’ என்றார். தோஷம் கழிய யாரும் பாடவில்லை, அந்தச் சிவப்பு அவ்வளவு பிடித்திருக்கிறது. செவ்வாய்க்குப் பவளம் என்ற கணக்கும் அந்த நிறத்தை வைத்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, கடைக்கு வருவோம். பாலில் போட்டால் பால் சிவக்க வேண்டும், அதுதான் அசல் என்பார்கள். நம்பாதீர்கள், நிஜமாகவே நிறம் இறங்கினால் அது சாயம். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் சாயம் ஏற்றிய வெள்ளைப் பவளமும் சுண்ணாம்புதானே, அதுவும் நுரைக்கும், போதாததற்கு மேல்பளபளப்பும் போய்விடும். லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். மரத்து ரேகை மாதிரி மெல்லிய வரிகள் தெரிந்தால் நல்லது, குமிழி தெரிந்தால் கண்ணாடி. நெயில் பாலிஷ் ரிமூவரில் தொட்ட பஞ்சால் ஓரத்தில் லேசாகத் தேய்க்கலாமா என்று கேளுங்கள், பஞ்சு சிவந்தால் வேண்டாம். விலை பெரிதாக இருந்தால் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, வலது கை மோதிர விரல், தங்கம் அல்லது செம்பு, கல் விரலில் படும்படி அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும், இதுதான் வழக்கம். புளி கரைக்கும்போதும் சாம்பார் பாத்திரம் தேய்க்கும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள். பவளம் மிருதுவானது, சுலபமாகக் கீறிவிடும், புளிப்பு பட்டால் அரிக்கும்.

பவளம் வெளுத்தால் போட்டிருப்பவருக்கு உடம்புக்கு ஆகாது என்று கும்பகோணத்து அத்தை பயந்துகொண்டே இருப்பார். பெரும்பாலும் வியர்வையும் சோப்பும் செய்யும் வேலை அது, குளித்ததும் ஈரத்தைத் துடைத்தாலே போதும். தாலியில் கோத்த பவளத்தைக் கழற்ற மாட்டார்கள். ஆனால் ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் கயிறு மாற்றும்போது மணி கையில் வரும். அப்போது துளைக்குள் எட்டிப் பாருங்கள். துளை ஓரத்தில் மட்டும் நிறம் திட்டாகத் தேங்கியிருந்தால் அது சாயம் ஏற்றியதுதான்.