செகா கேட்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்த புதிதில், இந்தத் தீவின் நாட்டுப்புற இசையான செகாவில் சிறந்த பாடல்கள் என்று ஒரு பட்டியலைப் போனில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கேட்டேன். பத்துப் பாட்டு தாண்டவில்லை. எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருந்தது.

பழக்கமில்லாத இசைக்குள் பட்டியல் வழியாகப் போவதுதான் முதல் தவறு. ஐம்பது பேரிடம் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டால் ஒருவர் குரலும் மனதில் தங்காது. ஒரே ஆளை ஒரு வாரம் கேளுங்கள். செகாவுக்கு நான் சொல்வது தி ஃப்ரேர் என்ற பாடகரை. 1900இல் பிறந்து 1992இல் மறைந்தவர். அவருடைய பழைய பதிவுகளில் கீபோர்டு கிடையாது. குரலும் ராவான் என்ற பறையும் பளிச்சென்று கேட்கும். கடற்கரை ஹோட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடும் செகாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, போன் ஸ்பீக்கரில் கேட்பது. ராவான் ஆட்டுத்தோல் கட்டிய அகலமான வட்டப் பறை. அதன் அடிநாதம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. ஒரு சனிக்கிழமை இரவு பக்கத்து வீட்டுப் பெரியவர் சருகைக் கொளுத்தி, ராவானைத் தீயின் மேல் மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முதலில் தட்டியபோது ஈரத்துணியில் அடித்த மாதிரி தொம்மென்றது. தோல் காய்ந்ததும் விரல் பட்டாலே கணீரென்றது. ஊரில் பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிமிடமே செகா சொந்தமாகிவிடும். நல்ல ஹெட்போன் இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள்.

சினிமாப் பாட்டில் வளர்ந்த காது எடுத்தவுடன் மெட்டைத் தேடும். செகாவில் தாளத்தைப் பிடியுங்கள். தொடையில் ‘தகிட தகிட’ என்று தட்டிக்கொண்டே கேட்டால் மும்மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடை அப்படியே பொருந்தும். பாட்டு நிதானமாகத் தொடங்கி, போகப்போகத்தான் சூடுபிடிக்கும். அரை நிமிடத்தில் தள்ளிவிடாதீர்கள். பாட்டு வரிகள் இங்கே பேசும் கிரியோல் மொழியில் இருக்கும்; யாரிடமாவது அர்த்தம் கேளுங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் பிறந்த இசை இது. அதன் துள்ளலை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

செகாவையும் பக்கத்துத் தீவான ரீயூனியனின் மலோயா இசையையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. மலோயாவில் ராவான் கிடையாது. மேலே உட்கார்ந்து அடிக்கும் ரூலேர் என்ற பெரிய முரசும், கரும்புப் பூத்தண்டில் செய்து உள்ளே விதை போட்டுக் குலுக்கும் கயாம்பும்தான் அங்கே. யுனெஸ்கோவும் பாரம்பரியப் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகவே சேர்த்தது: மலோயா 2009இல், மொரீஷியஸ் செகா 2014இல்.

சரி, தி ஃப்ரேர் பழகிவிட்டாரா? இனி கயா என்ற பாடகரிடம் போங்கள். செகாவையும் ஜமைக்காவின் ரெக்கே இசையையும் கலந்து ‘செகே’ பாடியவர். பட்டியலில் கேட்டபோது எனக்கு அவர் வெறும் ரெக்கேயாகத்தான் கேட்டார். இப்போது கிட்டாருக்கு அடியில் தகிட தகிட என்று ஓடுவது தெளிவாகக் கேட்கிறது.