மாதிரி ரயில் பெட்டிக்குள் விளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கிய இளைஞர் ஒருவர் தன் முதல் விளக்கு ரயிலை எனக்கு ஓட்டிக் காட்டினார். எட்டுப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் தனியே தண்டவாளத்தில் வைத்தபோது அழகாக எரிந்தது. எட்டையும் கோத்து மின்சாரம் கொடுத்ததும் கன்ட்ரோலர் 'ஷார்ட்' என்று காட்டிப் படுத்துக்கொண்டது. அவர் உடனே குனிந்து மேசைக்கு அடியில் வயர்களைத் துழாவத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இதே கோலத்தில் இரண்டு வாரம் மேசைக்கு அடியில் கிடந்தவன்தான்.

எல்.இ.டி.யைத் தலைகீழாக இணைப்பது, ரெசிஸ்டர் இல்லாமல் எரிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை புகைந்தால் தானாகப் புத்தி வந்துவிடும். புகையே வராத தவறுகள்தான் ஆளைச் சாய்க்கும்.

கண்ணைக் குத்தும் வெளிச்சம்

சாதாரண எல்.இ.டி.யின் விவரத் தாளில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது தாங்கும் அளவு. புதியவர்கள் அதையே தேவையான அளவு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். பெட்டி மேசை விளக்காகிவிடுகிறது.

1:87 அளவிலான ஒரு பெட்டிக்கு, விளக்கு ஒன்றுக்கு 1 முதல் 3 மில்லி ஆம்பியர் தாராளம். டி.சி.சி. முறையில் (என்ஜினுக்குக் கட்டளை டிஜிட்டலாகப் போகும், தண்டவாளத்தில் வோல்டேஜ் மாறாமல் இருக்கும்) தண்டவாளத்தில் சுமார் 15 வோல்ட் இருக்கிறது என்று வையுங்கள். தண்டவாள மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஏறக்குறைய 1.4 வோல்ட்டை விழுங்கும், வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுக்கும். மிச்சம் 10.6. இதை 2 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 5,300 ஓம். கையில் கிடைக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடலாம். 20 மில்லி ஆம்பியர் கணக்கில் 530 ஓம்தான் வரும். அந்த 530-ஐ நான் போட்டிருக்கிறேன். ஜன்னல் வழியாக மட்டுமல்ல, சுவர் வழியாகவும் வெளிச்சம் வந்தது. பெட்டியின் மெல்லிய பிளாஸ்டிக் காகிதக் கூண்டு விளக்கைப் போல ஒளிர்ந்தது.

சுவர் ஒளிர்வதைத் தடுக்க உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன் மேல் இளமஞ்சள் என்று இரண்டு பூச்சு கொடுங்கள். அலுமினியத் தாள் ஒட்டுகிறவர்களும் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதை ஒட்டும்போது யாரும் நினைப்பதில்லை.

நீளமாகச் சுருளில் கிடைக்கும் 12 வோல்ட் பட்டையை வெட்டிப் போடுவது எளிது, நானும் போடுகிறேன். ஆனால் அதில் பொதுவாக மூன்று எல்.இ.டி.கள் தொடராக இருக்கும். எரிவதற்கே ஏறத்தாழ 8 அல்லது 9 வோல்ட் வேண்டும். பழைய முறையில், வேகத்துக்கு ஏற்ப வோல்டேஜ் ஏறி இறங்கும் தண்டவாளத்தில், ரயில் நிலையத்தைத் தாண்டி நன்றாக வேகம் பிடித்த பிறகுதான் பெட்டிகளில் விளக்கு வரும். அங்கே ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர் கொடுத்து, எல்லாவற்றையும் தொடராக அல்லாமல் பக்க இணைப்பில் சேர்ப்பதே சரி.

கெபாசிட்டர்: ஒரு பெட்டியில் சோதித்துவிட்டுப் பத்துக்கும் செய்வது

தண்டவாளத்தில் தூசி இருக்கும். பாதை பிரியும் இடத்தில் தொடர்பு ஒரு கணம் அறும். விளக்கு கண்சிமிட்டும். இதற்கு மருந்து, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் கெபாசிட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 3 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரு பெட்டியை, 6 வோல்ட் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒரு விநாடி தாங்கும். தூசிக்கு அது மிகையே. நான் போட்டது 1,000. பெரியது நல்லது என்ற எண்ணம். பத்துப் பெட்டிகளுக்கும் அதையே, ரெக்டிஃபையருக்குப் பின்னால் நேரடியாகப் பற்றவைத்தேன்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் ஏற்றியபோது எல்லாம் எரிந்தன. ஒரு மாலை முழுக்க அறை விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மறுநாள் பாதை பிரியும் பாயின்ட் ஒன்றில் என்ஜின் தடம் புரண்டது. நிஜமான ஷார்ட். கன்ட்ரோலர் மின்சாரத்தை நிறுத்தியது. அது அதன் கடமை. என்ஜினைத் தூக்கிச் சரியாக வைத்தேன். கன்ட்ரோலர் மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்த்தது, உடனே நிறுத்தியது. மறுபடி கொடுத்தது; மறுபடி நிறுத்தியது. தடம் புரண்ட இடத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். வேறு எப்படித் தோன்றும்? ஜல்லி தூவி ஒட்டி, பக்கத்தில் புல் நட்டு, இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த பாயின்ட் அது. கத்தியால் கீறிப் பெயர்த்தேன். வரும்போதே உடைந்தது. புதியது வாங்கிப் பதித்தேன். அதே ஷார்ட். பிறகு கன்ட்ரோலர் மேல் சந்தேகம் வந்து பழுது பார்க்க அனுப்பினேன். பழுதே இல்லை என்று திரும்பி வந்தது.

கடைசியில் சலிப்பில்தான் விடை கிடைத்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே வந்தேன். ஆறு மிஞ்சியபோது எல்லாம் உயிர் பெற்றன. ஏழாவதைச் சேர்த்து, மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் மறுபடி ஷார்ட். அந்தப் பெட்டிதான் குற்றவாளி என்று அதை விலக்கி வேறொன்றை வைத்தேன். அதற்கும் ஷார்ட். எந்தப் பெட்டியை ஏழாவதாக வைத்தாலும் அதே கதைதான்.

நடப்பது இதுதான். காலியான கெபாசிட்டர், மின்சாரம் பாயும் முதல் கணத்தில், இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வயர் போட்டதற்குச் சமம். நிறைந்த பிறகு சாது. பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் ஒவ்வொன்றாக நிறையும், கன்ட்ரோலர் கண்டுகொள்ளாது. மின்சாரம் நின்று எல்லாம் காலியாகிவிட்டால், அடுத்த முறை பத்தும் ஒரே கணத்தில் வாயைத் திறக்கும். 10,000 மைக்ரோஃபாரட்! அதையும் உண்மையான ஷார்ட்டையும் கன்ட்ரோலரால் பிரித்தறிய முடியாது. நிறுத்திவிடும். நிறுத்தியதால் கெபாசிட்டர்கள் நிறையாது. நிறையாததால் அடுத்த முறையும் நிறுத்தும். காலமெல்லாம் நடக்கும்.

தீர்வு ஒரே ஒரு ரெசிஸ்டர். எல்.இ.டி.க்குப் போகும் வழியில் அல்ல. கெபாசிட்டரின் நேர்முனைக்கு முன்னால், கெபாசிட்டருக்கு மட்டும். பல வரைபடங்களில் 100 ஓம் என்றிருக்கும். கணக்குப் போடுங்கள்: 15-இல் ரெக்டிஃபையர் விழுங்கியது போக மிஞ்சும் 13.6 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் பெட்டிக்கு 136 மில்லி ஆம்பியர். பத்துப் பெட்டிக்கு 1.36 ஆம்பியர். சிறிய கன்ட்ரோலருக்கு அதுவே அதிகம். 470 ஓம் போட்டால் பத்துப் பெட்டிக்கும் சேர்த்து 0.3 ஆம்பியருக்குள் அடங்கும். ஏறத்தாழ ஒரு விநாடியில் கெபாசிட்டரும் நிறைந்துவிடும். கெபாசிட்டர் விளக்குக்குத் திருப்பிக் கொடுக்கும்போது தடையின்றிக் கொடுக்க, அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு. அதன் கோடு போட்ட முனை நேர்மின் வயரின் பக்கம் இருக்க வேண்டும். மறு முனை கெபாசிட்டரோடு.

கெபாசிட்டர் 25 வோல்ட் வகையாக இருக்கட்டும். 16 வோல்ட் வகை சிறியதாக இருக்கிறது, கூரைக்குள் அடங்குகிறது என்று மனம் இழுக்கும். தண்டவாளத்தில் 15-க்கு மேல் ஓடும் இடத்தில் அதைப் போடுவது வெடி வைப்பதற்குச் சமம்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, நான் வாங்கிய தயார் விளக்குப் பட்டை ஒன்றிலும் இந்த ரெசிஸ்டர் இல்லை என்பதுதான். ஒரு பெட்டியில் சோதித்துவிட்டு விற்கிறார்கள். நாமும் ஒரு பெட்டியில் சோதித்துவிட்டு வாங்குகிறோம். சோதனை இப்படி இருக்க வேண்டும்: எல்லாப் பெட்டிகளையும் கோத்துத் தண்டவாளத்தில் நிறுத்துங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், கடைசி விளக்கும் அணையும் வரை காத்திருங்கள், பிறகு போடுங்கள். ஐந்து முறை. ஐந்திலும் எரிந்தால் மட்டுமே கூரையை மூடுங்கள்.

அந்த இளைஞரின் எட்டுப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் ரெசிஸ்டர் வைத்தோம். தண்டவாளத்தில் ஒரு துண்டுகூடப் பெயரவில்லை. பொறாமையாக இருந்தது.

சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் தகடு

சக்கரத்தை உரசி மின்சாரம் எடுக்கும் பாஸ்பர் வெண்கலத் தகடு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு நல்ல தொடர்பு என்று நினைக்க வேண்டாம். பத்துப் பெட்டியில் நாற்பது அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பிரேக் போட்டதுபோல் ஆகும். மேட்டில் என்ஜின் சக்கரம் சுழலும், ரயில் நகராது. தகடு தொட்டால் போதும். பெட்டியை லேசான சரிவில் வைத்து விடுங்கள்; தானாக உருளாவிட்டால் தகட்டைத் தளர்த்துங்கள்.

அச்சிலிருந்தே மின்சாரம் எடுக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. பல சக்கர ஜோடிகளில் ஒரு பக்கச் சக்கரம் மட்டுமே, மின்சாரம் கடக்காதபடி அச்சிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே வயரில் சேரும் இரண்டு அச்சுகளில் ஒன்றைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டால், இரண்டு தண்டவாளமும் அந்த வயரில் சந்திக்கும். இது நிஜ ஷார்ட்.

தகட்டிலிருந்து மேலே விளக்குக்குப் போகும் வயர் முடி போல மெல்லியதாக, சற்றே தளர்வாக இருக்கட்டும். விறைப்பான வயர் வளைவில் சக்கரத்தைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். பெட்டி தடம் புரளும், பழி தண்டவாளத்தின் மேல் விழும்.

நிறம்

பழைய குண்டு பல்பு காலப் பெட்டிக்கு 2,700 முதல் 3,000 கெல்வின். நீல வெள்ளை வேண்டாம்.

சூப்பர் குளூ

ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஆவி படிந்து வெளுத்துவிடும்.

காலிப் பெட்டி

விளக்கு வைத்தால் உள்ளே இருக்கையும் ஆளும் இல்லாதது தெரியும். முதலில் அவற்றை வையுங்கள்.

ஒட்டிய கூரை

விளக்கு என்றாவது ஒரு நாள் போகும். பற்றவைத்த இடம் என்றாவது விடும். கூரை கழன்று வர வேண்டும். பசை வேண்டாம், அது தன் கொக்கிகளிலேயே நிற்கட்டும். நிற்காவிட்டால் இரண்டு மூலைகளில் மிகச் சிறிய திருகு.

நான் முதன்முதலில் செய்த பெட்டியின் கூரையைச் சுற்றிலும் ஒட்டிவிட்டேன். மறு வாரமே கடைசி எல்.இ.டி. அணைந்தது. உடைக்காமல் திறக்க வழியில்லை. அதனால் அந்தப் பெட்டியைக் கடைசியில் மாட்டி, இருண்ட முனை வாலில் வரும்படி ஓட்டுகிறேன். பார்க்கிறவர்கள் பயணிகள் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.