ஊருக்குப் போயிருக்கும்போது உங்கள் பெயரில் யாரும் கடன் வாங்காமல் இருக்க

டிசம்பர் விடுமுறை வந்தால் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து நிறையக் குடும்பங்கள் சென்னை, மதுரை, பழனி என்று கிளம்பிவிடுகின்றன. பணம், கார்டு, நகை எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு யோசிக்கிறோம், ஆனால் நாம் அங்கே இருக்கும்போது டர்பனில் ஒருவன் நம் ஐடி நம்பரை வைத்துத் துணிக்கடையில் கடன் அக்கவுண்டோ மொபைல் கான்ட்ராக்டோ எடுத்துவிட்டால் அது தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். வீட்டில் இருந்தால் கடிதமோ போனோ வந்து சந்தேகம் தட்டும். வெளியூரில் அது எதுவும் நம்மை எட்டாது.

அதனால் கிளம்பும் முன்பே சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் 'ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' போட்டுவிடுங்கள். இலவசம், ஆன்லைனிலேயே செய்யலாம். அதில் உறுப்பினராக உள்ள வங்கியிலோ கடையிலோ உங்கள் ஐடி நம்பரில் யாராவது கடன் கேட்டால், 'இவரை நன்றாக விசாரியுங்கள்' என்ற எச்சரிக்கை அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணச் சொல்வார்கள், அதாவது நம் பெயரில் புதுக் கடன் எடுக்க முடியாதபடி பூட்டி வைப்பது, அந்தச் சட்டம் நம் நாட்டில் இல்லை, நமக்கு அதற்குப் பக்கத்தில் வருவது இதுதான். பிறகு நீங்களே கடன் கேட்டாலும் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார்கள், பரவாயில்லை.

உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருடத்துக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எக்ஸ்பீரியனில் ஒன்று போகும் முன், டிரான்ஸ்யூனியனில் ஒன்று வந்த பின் என்று பிரித்துக்கொண்டால் நல்லது. 2020இல் எக்ஸ்பீரியனிலிருந்தே சுமார் 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரம் வெளியே போனது, ஆகவே 'என் விவரம் யாரிடம் இருக்கப்போகிறது' என்று நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நம் பாஸ்போர்ட்டிலேயே 13 இலக்க ஐடி நம்பர் அச்சாகியிருக்கிறது. இந்தியாவில் எந்த லாட்ஜில் தங்கினாலும் வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், அது அங்கே சட்டப்படியான நடைமுறை, மறுக்க முடியாது. நகலைக் கையில் கொண்டுபோய், அதன் குறுக்கே அந்த லாட்ஜின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள், அது எத்தனை போனில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ரொம்பக் கவலை தருவது சிம் ஸ்வாப், அதாவது மோசடிக்காரன் உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது. உள்ளூரில் திடீரென்று சிக்னல் போனால் உடனே உஷாராவோம், ஆனால் மதுரையில் போனால் 'ரோமிங் சரியில்லை போல' என்று இரண்டு நாள் விட்டுவிடுவோம், மோசடிக்காரனுக்கு அந்த இரண்டு நாள் தாராளம். சிக்னல் போன உடனே வைஃபை பிடித்து வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள், வீட்டில் இருக்கும் தம்பியையோ மகளையோ உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு யாராவது எடுத்தாலோ, ஆப்பில் தெரியாத பரிமாற்றம் இருந்தாலோ முதலில் வங்கி, அப்புறம் மொபைல் கம்பெனி. 0800 என்று தொடங்கும் இலவச நம்பர்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது, அதனால் இவர்களுடைய +27இல் தொடங்கும் நம்பரை இப்போதே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்ப ஒப்புதலை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆப்பிலேயே கொடுக்கும்படி மாற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

இத்தனைக்கும் மீறி யாராவது கடன் எடுத்திருந்தால், திரும்பி வரும்வரை காத்திருக்காமல் கடன் கொடுத்தவருக்கு அன்றே ஈமெயில் எழுதுங்கள். வந்ததும் போலீஸ் நிலையத்தில் அஃபிடவிட் கொடுத்து கேஸ் நம்பர் வாங்கி, அதை இணைத்து கிரெடிட் பீரோவில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். விசாரிக்க அவர்களுக்கு 20 வேலை நாள். அதற்குள் அந்தக் கடன் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் கிடைக்காவிட்டால், பதிவை அவர்கள் நீக்கியாக வேண்டும்.