பேக்கப் டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா உடனே கழட்டிடுங்க

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல எல்லாத்தையும் போட்டாச்சு, இனிமே கவலை இல்லன்னு லேப்டாப்ல இருந்த ஒரிஜினல டெலிட் பண்ணேன் பாருங்க, அங்கதான் சறுக்கினேன். அது பேக்கப்பே இல்லங்க, ஒரே காப்பி இடம் மாறி உக்காந்திருக்கு, அவ்ளோதான். அந்த டிஸ்க் கெட்டதும் ஆறு வருஷ போட்டோ போச்சு.

டிஸ்க் டிக் டிக்னு அடிச்சா சும்மா திரும்பத் திரும்ப சொருகிப் பாக்காதீங்க (நான் பண்ண மாதிரி), உள்ள ஹெட் (டேட்டாவ படிக்கிற முனை) அடிபட்டிருந்தா ஒவ்வொரு தடவ சுத்தும்போதும் டேட்டா இருக்கற தட்டுல கீறல் விழலாம், அப்புறம் ரெக்கவரி பண்றவங்களாலயே ஒண்ணும் முடியாம போயிடும். விண்டோஸ் ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா வேணாம்னுடுங்க. செக்டிஸ்க்கும் ஓட்டாதீங்க, அது ஃபைல் சிஸ்டத்த (எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்க) ஒழுங்கு பண்ற விண்டோஸ் டூல், அந்த வேலையில உங்க ஃபைல் பலியாகலாம். சத்தம் இல்ல, வெறும் பேட் செக்டர்தான்னா (டிஸ்க்ல படிக்க முடியாமப் போன இடம்) லினக்ஸ்ல டிடிரெஸ்கியூன்னு இலவசமா இருக்கு, அத வச்சு மொத்த டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜ் (அச்சு அசலா காப்பி) எடுத்துட்டு அந்த காப்பியில நோண்டுங்க.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு டிஸ்க் எப்படி இருக்குன்னு காட்டுற சாஃப்ட்வேர் போட்டு அப்பப்ப பாருங்க, பென்டிங் செக்டர் (சரியா படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற இடம்) எண்ணிக்கை ஏறிட்டே போனா டிஸ்க்க மாத்துற நேரம் வந்தாச்சு. நல்லா இருக்குன்னு காட்டினாலும் முழுசா நம்பாதீங்க, முன்னறிவிப்பே இல்லாம சாகுற டிஸ்க்கும் உண்டு. அதுக்குத்தான் 3-2-1: மொத்தம் 3 காப்பி, 2 வித மீடியால, அதுல 1 வேற இடத்துல. மாசத்துக்கு ஒரு தடவ பேக்கப்ல இருந்து நாலு ஃபைல திறந்தும் பாருங்க.

ஆங், டிஸ்க் சத்தமே இல்லாம கம்ப்யூட்டர்ல தெரியாமப் போனா பதறுறதுக்கு முன்னாடி கேபிள மாத்திப் பாத்துடுங்க, பல நேரம் கோளாறு அதுலதான்.